கண்ணை மூடும் காட்சி

என் வீட்டுக்காரர் ஒச்சாண்டி சினிமாவில் செத்தது 2005 சித்திரையில். நிஜமாகச் செத்தது 2007 ஆவணியில். இரண்டுக்கும் நடுவே இன்னொரு தடவை அவர் சாவதாக இருந்தது. நான் சொல்லப்போவது அந்த நடுவில் நடந்ததை. சினிமாவில் செத்ததைத்தான் ஊரே பார்த்துவிட்டதே.

எங்களுக்குக் கூடலூர். அவர் குமுளிக்கு ஜீப் ஓட்டினார். விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, சாயங்காலம் அவர்களைக் கொண்டுவந்து இறக்குவார். பத்துப் பேருக்கான வண்டியில் இருபத்திரண்டு பேரை அடைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. 2002 மாசியில் ஒருநாள், வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே பக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். வலது கையும் காலும் போயிற்று. பேச்சும் போயிற்று. தேனியில் பார்த்த டாக்டர், "காது நல்லா கேக்கும், நீங்க சொல்றது முக்கால்வாசி புரியும். ஆனா அவர் தலையாட்டுறத வச்சு ஆமா, இல்லன்னு முடிவு பண்ணாதீங்க, அது மாறி மாறி வரும்" என்றார். நல்ல டாக்டர். அவர் சொன்னதை நான் மட்டும்தான் காதில் வாங்கினேன். பிறகு ஒரு நாள் நானும் மறந்ததுபோல் நடந்துகொண்டேன்.

பிள்ளை குட்டி இல்லை. திராட்சைத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு நான் அவரோடு வீட்டில் இருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். போடாவிட்டால் முதுகு புண்ணாகும். போட்டாலும் ஆனது.

சினிமாக்காரர்கள் வந்தது 2004 ஆவணியில். டைரக்டர் பெயர் தமிழ்மாறன். முப்பது வயசு இருக்கும், தாடி வைத்திருந்தார், அவருக்கு அது முதல் படம். கதை என்னவென்றால், ஒரு வாத்தியார் படுத்த படுக்கையாகிவிடுகிறார், பேச முடியாது. என்னை அனுப்பிவிடு என்று பெண்டாட்டியிடம் கண்ணாலேயே கேட்கிறார். அவளும் பாலில் எதையோ கலந்து கொடுத்து அனுப்பிவிடுகிறாள். மலை தெரிகிற மாதிரி ஜன்னல் வைத்த வீடு வேண்டும் என்று தெருத்தெருவாக அலைந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

வாத்தியாராக நடிக்க மெட்ராஸிலிருந்து ஒரு நடிகர் வந்தார். முதல் நாள் கட்டிலில் படுத்து நடித்தார். கை நடுங்கியது, உதடு துடித்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, கால் விரல்கூட சும்மா இருக்கவில்லை. டைரக்டர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "படுக்கையில கெடக்குறவன் இவ்வளவு வேலை பாக்க மாட்டான் சார்" என்றார். நடிகருக்குக் கோபம் வந்துவிட்டது, சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார். எங்கள் ஆள் அடுத்த அறையில் படுத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். டைரக்டர் அவரைப் பார்த்தார். அவரும் டைரக்டரைப் பார்த்தார்.

"ஐயா, நீங்களே நடிக்கிறீங்களா?"

அவர் சிரித்தார். பாதி வாய்தான் சிரிக்கும், ஆனால் அது சிரிப்புதான் என்று எனக்குத் தெரியும். முதல் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்காவிட்டால் சோறு இறங்காத மனுஷர் அவர். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எட்டு நாள் நடந்தது. முதல் வேலையாக ரப்பர் ஷீட்டை எடுத்தார்கள். அப்புறம் மூத்திர டப்பா, புண்ணுக்குப் போடும் களிம்பு, என் பழைய சேலையைக் கிழித்து அடுக்கி வைத்திருந்த துணிகள் எல்லாம் வெளியே போயின. வெள்ளை விரிப்பு போட்டு, வெள்ளை வேட்டி கட்டி, அவருக்குத் தலை சீவிப் பவுடர் அடித்தார்கள். எங்கள் வீட்டுக்குள் வெள்ளைத் துணி நுழைந்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தார். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சுத்தமாக இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பெண்டாட்டியாக நடித்தது ஒரு மலையாள நடிகை. நல்ல மாதிரி. "சேச்சி, எப்படியா திருப்பிக் கிடத்துறது?" என்று என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். ஒரு கையை இடுப்புக்கும் ஒரு கையைத் தோளுக்கும் கொடுத்து, மூச்சைப் பிடித்து அந்த அம்மா புரட்டியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. டைரக்டர், "அது வேண்டாம்மா. பாக்குறவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக நெற்றியில் முத்தம் கொடுக்கச் சொன்னார்.

பால் கொடுக்கும் காட்சியை எடுத்தபோதுதான் நான் வாயைத் திறந்துவிட்டேன். மல்லாக்கப் படுத்திருக்கிறவர் வாயில் அந்த அம்மா டம்ளரைச் சாய்க்கிறார். நான் ஓரமாக நின்றவள், "படுத்த வாக்குல குடுக்காதீகம்மா, பொரையேறிரும். தலையத் தூக்கிக் குடுங்க" என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டைரக்டர் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, அவங்க சாகுறதுக்குத்தான் குடுக்குறாங்க."

பார்த்தால் டம்ளரில் பாலே இல்லை. ஈ மொய்க்கிறது என்று காலி டம்ளரைத்தான் வைத்திருந்தார்கள்.

பாடாய்ப் படுத்தியது கண்ணை மூடுகிற காட்சிதான். பெண்டாட்டி கேட்பாள்: "போகணுமா உங்களுக்கு? போகணும்னா ரெண்டு தடவை கண்ண மூடித் திறங்க." வாத்தியார் மெதுவாக இரண்டு தடவை மூடித் திறக்க வேண்டும். இவர் ஒரு தடவை மூடுவார். இல்லாவிட்டால் ஐந்து தடவை. இல்லாவிட்டால் மூடிக்கொண்டு தூங்கிவிடுவார். கண்ணீர் வர வேண்டும் என்று மருந்து விட்டார்கள், கண் சிவந்துபோனது, நான் சண்டைக்குப் போனேன். இருபத்தேழு தடவை எடுத்தார்கள். கடைசியில் டைரக்டர், "ஒரு ஷாட்ல ஒண்ணு, இன்னொரு ஷாட்ல ஒண்ணு, ஒட்டிக்கலாம்" என்று சொல்லி முடித்தார். அதாவது முதல் தடவை மூடியது செவ்வாய்க்கிழமை. இரண்டாம் தடவை மூடியது வியாழக்கிழமை.

சித்திரையில் படம் வந்ததும் அஷ்ரப் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். அஷ்ரப் கம்பத்துக்காரர், இவரோடு சேர்ந்து பதினாறு வருஷம் குமுளி லைனில் ஓட்டியவர். இவரைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்து, வேட்டியால் கட்டி, கம்பத்துத் தியேட்டருக்குக் கொண்டுபோனார். இவர் சாகிற காட்சியில் வயலின் வாசித்தார்கள். ஜன்னல் வழியே மலை தெரிந்தது, ஒரு பறவை பறந்தது, விளக்கு அணைந்தது. தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. இவருக்குத் தோள் குலுங்கியது. பின் சீட்டிலிருந்த ஒரு பெண் எழுந்து வந்து இவர் தோளைத் தடவி, "அழுகாதீகண்ணே" என்றாள். அவர் அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். தன் முகத்தைச் சுவர் அளவுக்குப் பார்த்த சந்தோஷம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

அதன் பிறகு எனக்கு இந்த விஷயத்தில் நல்ல தேர்ச்சி உண்டாயிற்று. தெருமுனையில் சி.டி. கடை வைத்திருந்த அம்மாவாசி, எனக்குப் பிடிக்கும் என்று அவனாகவே நினைத்துக்கொண்டு, இதே மாதிரிப் படங்களாகத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தான். தமிழ், மலையாளம், இந்தி, ஒன்று எந்தப் பாஷை என்றே தெரியவில்லை. ஏழெட்டுப் படத்தை நானும் அவரும் உட்கார்ந்து பார்த்தோம், நான் உட்கார்ந்தும் அவர் படுத்தும். ஒரு படத்தில்கூட ஈ கிடையாது. சாகிறவர்கள் எல்லாரும் சிவப்பாக இருந்தார்கள். மூக்கில் குழாயோடு பத்து நிமிஷம் தத்துவம் பேசினார்கள். குழாயைப் பிடுங்கினால் எண்ணிப் பத்து நொடியில் தலை சாய்ந்தது. செய்தவர்கள் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள், இல்லாவிட்டால் கடற்கரைக்கு. எங்கள் ஊரிலிருந்து கடற்கரைக்குப் போவதென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். எந்தப் படத்திலும் விரிப்பை யாரும் துவைக்கவில்லை. அதைவிட எனக்கு எரிச்சலாக இருந்தது, எந்தப் படத்திலும் பெண்டாட்டிக்கு இடுப்பு வலிக்கவே இல்லை.

ஊரில் இப்போது இவர் பெரிய ஆள். வருகிற போகிற எல்லாரும், "அந்தக் கண்ணு மூடுற சீனச் செஞ்சு காட்டுங்கண்ணே" என்பார்கள். இருபத்தேழு தடவை எடுத்தும் வராதது இப்போது ஒரே தடவையில் வந்தது. மெதுவாக ஒன்று, மெதுவாக இன்னொன்று. பார்த்தவர்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இவர் பாதி வாயால் சிரித்துக்கொண்டார். நாள் முழுக்க மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷருக்கு ஒரு வேலை கிடைத்தமாதிரி இருந்தது. நானே ஆளைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறேன்.

அவருடைய அக்கா சோணையம்மாள், எனக்கு மதினி, படத்தை மூன்று தடவை பார்த்தார். மூன்றாம் தடவை பார்த்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஏத்தா கிருபா, எந்தம்பி வாயால சொல்ல முடியாததக் கண்ணால சொல்லிட்டானேத்தா."

"அது டைரக்டர் சொல்லிக் குடுத்தது மதினி."

"டைரக்டருக்கு யாரு சொன்னா? இவன் மனசுல கெடந்ததுதான மூஞ்சியில வந்துச்சு. நடிக்கிறவுக மூஞ்சியில அப்புடி வருமா?"

"அதுல ஒண்ணு செவ்வாக்கெழம எடுத்தது, ஒண்ணு வியாழக்கெழம எடுத்தது."

"ரெண்டு நாளா கேட்டுருக்கான் பாத்தியா" என்று மதினி அழ ஆரம்பித்துவிட்டார்.

மதினி கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவர். எங்கள் பக்கத்தில் இழுத்துக்கொண்டு கிடக்கிறவர்களுக்குத் தலைக்கு ஊத்திவிடுவது என்று ஒன்று உண்டு. விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரும் பாலும் கொடுப்பார்கள். உடம்பு குளிர்ந்து ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். யாரும் அதைக் கொலை என்று சொல்ல மாட்டார்கள். செய்ததாகவும் சொல்ல மாட்டார்கள். தன் மாமியாருக்கு மதினியே முன்னால் நின்று செய்ததாகப் பேச்சு. ஆனால் அந்த மாமியார் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கும் நிலையிலும் இல்லை. தம்பி வாய்விட்டு, அதாவது கண்விட்டு, கம்பம் தியேட்டரில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டானே என்பதுதான் மதினியின் கணக்கு.

ஊரும் அதையே பேசியது. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, "அந்தப் படத்துல வர்ற பொம்பளைக்கு இருந்த மனசு நெசப் பொண்டாட்டிக்கு இல்லையே" என்று என் காதுபடச் சொன்னாள். மூன்று வருஷமாகப் பீ மூத்திரம் அள்ளியது போய், ஈவு இரக்கம் இல்லாதவள் என்ற பெயர் எனக்கு வந்து சேர்ந்தது. அந்த நடிகை எட்டே நாள்தான் இருந்தார். எட்டு நாளும் அவருக்குக் குடை பிடிக்க ஓர் ஆள் இருந்தது.

இதையெல்லாம் ஊர்மேலும் மதினிமேலும் போட்டுவிட்டு நான் நல்லவளாக இருந்துகொள்ளலாம். அப்படி இல்லை. எனக்கும் தோன்றியது. படத்துக்கு முன்னாலேயே தோன்றியிருக்கிறது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்திருந்த நாட்களில். ஆனால் அப்போது அதற்குப் பெயர் இல்லை, அசிங்கமாக மட்டும் இருந்தது. படத்தைப் பார்த்த பிறகு அதற்கு வயலின் வந்துவிட்டது. வெள்ளை விரிப்பும் நெற்றியில் முத்தமும் வந்துவிட்டன. அதைச் செய்தவளைப் பார்த்து ஒரு தியேட்டரே அழுதது. என்னைப் பார்த்து அதுவரை யாரும் அழுததில்லை.

ஆனி மாதம் ஒரு மத்தியானம், கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏங்க, உங்களுக்குப் போயிரணும்னு இருக்கா? இருந்தா ரெண்டு வாட்டி கண்ண மூடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். மெதுவாக ஒரு தடவை மூடித் திறந்தார். மெதுவாக இன்னொரு தடவை. அழகாகச் செய்தார். செய்துவிட்டு, எப்படி என்பதுபோல் பாதி வாயால் சிரித்தார்.

அவர் எதைச் செய்து காட்டினார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் நாலு பேருக்குச் செய்து காட்டுவதைத்தான் எனக்கும் காட்டினார். அவருடைய வித்தை அது. தெரிந்தே நான் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். எழுந்துபோய் மதினிக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஆடி பிறந்தால் ஆகாது என்று மதினி காலண்டரைப் பார்த்து ஆனி கடைசிப் புதன்கிழமையைக் குறித்தார். அஷ்ரப்புக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் குறுக்கே நிறுத்திவிடுவார். ஆண்டிபட்டியிலிருந்து பிச்சைமணி என்று மதினி வழியில் ஒரு பெரியப்பா முறைக்காரர் இரண்டு நாள் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். எப்படியும் வர வேண்டியதுதானே, இரண்டு தடவை எதற்கு அலைவது என்றார். அவருக்கும் நான்தான் சமைத்தேன்.

புதன்கிழமை விடியக் காலம் எண்ணெயைக் காய்ச்சியது நான். வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. கொல்லையில் பலகை போட்டு உட்காரவைத்துத் தேய்த்தபோது அவர் சுகமாகக் கண் செருகிக் கிடந்தார். எண்ணெய்க் குளியல் என்றால் முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பாதிப் பகல் அவருக்கு அதிலேயே போகும். குளிப்பாட்டித் துவட்டி, உள்ளே கொண்டுவந்து படுக்கவைத்தோம். மதினி புது வேட்டி கொண்டுவந்திருந்தார், வெள்ளை. விரிப்பும் வெள்ளை. அவர் தலையை நான் சீவிவிட்டேன்.

சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர் எல்லாரையும் பார்த்தார். வெள்ளைத் துணியைப் பார்த்தார். அப்புறம் ஜன்னல் பக்கத்து மூலையைத் தேடிப் பார்த்தார். சூட்டிங் நடந்த எட்டு நாளும் கேமரா நின்ற இடம் அது. அங்கே பிச்சைமணி பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்து, யாரும் கேட்காமலே, மெதுவாக இரண்டு தடவை கண்ணை மூடித் திறந்தார்.

"பாத்தீகளா, பாத்தீகளா" என்று மதினி வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார். பெரியப்பா கைகூப்பினார்.

வேண்டாம் என்று சொல்ல அது ஒன்றுதான் நேரம். நான் சொல்லவில்லை. கட்டிய பெண்டாட்டிதான் முதலில் கொடுக்க வேண்டும் என்று மதினி டம்ளரை என் கையில் கொடுத்தார். ஆறிய பால். நான் எதை வாயருகே கொண்டுபோனாலும் அவர் திறப்பார், மூன்று வருஷப் பழக்கம். திறந்தார். ஊற்றினேன்.

முதல் வாய் இறங்கியது. டம்ளரில் நிஜமாகவே பால் இருந்தது அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், புருவம் ஏறியது. இரண்டாவது வாயில் புரையேறியது. மூக்கில் பால் வந்தது. முகம் கறுத்தது. கண் பிதுங்கி ஒவ்வொருவரையும் பார்த்தது. யாராவது நிறுத்தச் சொல்லுவார்கள் என்று தேடியது. சூட்டிங்கில் ஒருத்தர் சத்தம் போட்டதும் எல்லாரும் விலகிவிடுவார்களே, அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அந்தக் கண் என் கையிலிருந்த டம்ளருக்கு வந்தது. அங்கிருந்து என் முகத்துக்கு வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. அது புரிந்த நொடியை நான் பார்த்தேன், வேறு யாரும் பார்க்கவில்லை.

பிறகு நடந்தது நான் யோசித்துச் செய்ததில்லை. டம்ளர் எங்கே போனதென்று தெரியாது. என் ஒரு கை அவர் தோளுக்கடியில் போயிற்று, ஒரு கை இடுப்புக்குப் போயிற்று, மூச்சைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்துக் குனியவைத்து முதுகில் தட்டினேன். இருமினார், மறுபடி தட்டினேன். பால் எல்லாம் வெள்ளை வேட்டியில் வந்தது.

"ஏத்தா, என்னத்தா செய்யுற நீ?" என்றார் மதினி.

"பொரையேறிருச்சு மதினி" என்றேன்.

வேறு எப்படிச் சொல்வது? மதினி இன்னொரு டம்ளரில் மீதிப் பாலை ஊற்றிக்கொண்டு தானே பக்கத்தில் வந்தார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டார். "தம்பி, நீதானடா கேட்ட" என்று மதினி விரலால் உதட்டை விலக்கப் பார்த்தார். கடித்துவிட்டார். சும்மா இல்லை, ரத்தம் வந்தது. இடது பக்கப் பல் அவருக்குக் கடைசிவரை நல்ல உறுதி. மதினி வலியில் கத்தியதைக் கேட்டுத் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்க்க, கூட்டம் ஒவ்வொருவராக நழுவியது. பெரியப்பா ஆண்டிபட்டிக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். மதினி விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நெசமாத்தான் கேட்டான்னு நெனச்சேன் கிருபா" என்றார். எனக்கு அந்தச் சாக்குகூட இல்லை. அதை அவரிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அன்று மத்தியானம் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனேன். வாயைத் திறக்கவில்லை. ராத்திரியும் திறக்கவில்லை. மறுநாள் காலையில் தண்ணீர்கூட இறங்கவில்லை. என் கை பக்கத்தில் வந்தாலே உதடு ஒட்டிக்கொண்டது. அஷ்ரப்பை வரவழைத்து அவர் கையால் கொடுத்துப் பார்த்தேன். அஷ்ரப் பின்னால் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னக்கா ஆச்சு இவருக்கு?" என்று அஷ்ரப் கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன். இந்தக் கதையில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று இல்லை, ஆனால் அதுதான் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

இப்படியே போனால் நேற்று நடக்காதது நாலு நாளில் தானாக நடந்துவிடும். அழுதேன். கையைப் பிடித்துக்கொண்டு, "தப்புங்க, நான் செஞ்சது தப்புங்க, இனிமே செய்ய மாட்டேங்க" என்றேன். டாக்டர் சொன்னபடி முக்கால்வாசி புரிந்திருக்கும். வாய் திறக்கவில்லை.

அப்புறம் என்ன தோன்றியதோ, அவர் கஞ்சியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, அவர் பார்க்கும்படி என் வாயில் போட்டுக்கொண்டேன். விழுங்கினேன். வாயைத் திறந்து காட்டினேன், நாக்கைத் தூக்கியும் காட்டினேன். என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நான் எப்படி இருக்கிறேன் என்று பார்த்தார். அப்புறம் திறந்தார்.

அன்றையிலிருந்து இரண்டு வருஷம் இரண்டு மாதம். காப்பி, கஞ்சி, ரசஞ்சோறு, பிழிந்த ஆரஞ்சு, எதுவானாலும் முதல் வாய் எனக்கு. பிரஷர் மாத்திரையைக்கூடப் பிட்டு ஓர் ஓரத்தை நான் தின்ன வேண்டியிருந்தது. எனக்குப் பிரஷர் கிடையாது, சில நாள் தலை சுற்றும். வந்தவர்கள் பார்த்துவிட்டு, "புருசன் பொண்டாட்டி ஒரே தட்டுல சாப்புடுறாக, என்ன பிரியம்" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். கண்ணை மூடுகிற காட்சியை அவர் அதற்குப் பிறகு யார் கேட்டும் செய்து காட்டவில்லை. மற்றபடி என்னிடம் கோபமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. டி.வி. பார்த்துச் சிரிப்பார். புரட்டும்போது இடது கையால் என் கழுத்தைப் பிடித்துக்கொள்வார். பக்கத்தில் படுத்தால் விரலைத் தேடிப் பிடிப்பார். சாப்பாட்டில் மட்டும் காத்திருப்பார்.

2007 ஆவணியில் நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்திருங்கள் என்றார். மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். ரப்பர் ஷீட் மேல்தான் கிடந்தார், ஈ இருந்தது. தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டு, கஞ்சித் தண்ணியில் ஒரு கரண்டி எடுத்தேன். கண் பாதி செருகியிருந்தது, என்னை அடையாளம் தெரிந்ததா என்றே தெரியவில்லை. கரண்டியை நேராக அவர் உதட்டில் வைத்தேன்.

திறக்கவில்லை.

நான் குடித்தேன். விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் திறந்தார். இரண்டு கரண்டி குடித்தார், மூன்றாவது வெளியே வந்துவிட்டது.